திண்ணைப் பள்ளியும் கற்கக் கற்றலும்

நாக்பூருக்கு நான் வந்தது 1973-இல். ரயில்வே கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை. 2009-இல் ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிறு காலைகளில் சங்கக் கூடத்தில் நடக்கும் தமிழ் வகுப்பு என் பொறுப்புக்கு வந்தது. அப்படி வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு தாயார் வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "சார், மார்ச்சு வரைக்கும் உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாம் கடகடன்னு சொல்றான். லீவுக்குப் போய்ட்டு ஜூன்ல வந்தா பாதி ஞாபகம் இல்ல. கோளாறு அவன்கிட்டயா, உங்ககிட்டயா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் கணக்குப் பேரேட்டில் தப்பு கண்டுபிடித்துப் பழகியவன் நான். இந்தத் தப்பு எந்தப் பத்தியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு நாம் பாடம் சொல்லித் தருகிறோம். பாடத்தை எப்படிப் படிப்பது, எப்படி மறக்காமல் வைத்துக்கொள்வது, மறந்தால் எப்படி மீட்பது என்று சொல்லித் தருகிறோமா? இந்தக் கேள்வியோடு பழைய புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். நம் முன்னோர் படித்த திண்ணைப் பள்ளியிலேயே இதற்கு விடையின் ஒரு பகுதி இருக்கிறது என்பது என் முடிவு. இன்னொரு பகுதி அங்கே இல்லை. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் இத்தாலியர். பியத்ரோ டெல்லா வாலே என்ற ரோமாபுரிப் பிரயாணி 1623-இல் கர்நாடகத்தின் இக்கேரிக்கு வந்தார். அப்போது அது கேளடி நாயக்கர்களின் தலைநகர். அங்கே ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படிப்பதைப் பார்த்து, நின்று கவனித்து, விரிவாக எழுதி வைத்திருக்கிறார். தரையில் மெல்லிய மணல். ஒரு பையன் பாட்டு மாதிரி இழுத்து ஒரு வரியைச் சொல்லுவான், சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதுவான். மற்ற மூவரும் அதே வரியைச் சொல்லி அதையே எழுதுவார்கள். தரை நிறைந்துவிட்டால் அழித்துவிட்டுப் புது மணல் தூவுவார்கள். வாத்தியார் பக்கத்தில் இல்லை. டெல்லா வாலேக்கு ஆச்சரியம். யாராவது ஒரு வரியை மறந்துவிட்டால் யார் திருத்துவது என்று கேட்கிறார். பையன்கள் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: நாலு பேரும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் மறக்க மாட்டோம். ஒருவனுக்கு விட்டுப்போனது இன்னொருவனுக்கு ஞாபகம் இருக்கும்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மறதியைக் குற்றமாகப் பார்க்காமல், வரக்கூடிய ஒன்றுதான் என்று முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரு ஏற்பாடு அது. என் வகுப்பில் மறந்தவன் தலை குனிந்து நிற்பான், நான் மறுபடியும் சொல்வேன், அவன் மறுபடியும் மறப்பான்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முதலில் மணல். வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுதல். கை பழகிய பிறகு பனையோலை, எழுத்தாணி. வகுப்பில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளை. இளையவர்களுக்கு அவன்தான் பாதி வாத்தியார். கணக்குக்கு எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்று தனித்தனிச் சுவடிகள். நெல்லிலக்கம் என்றால் செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று ஏறிக்கொண்டே போகும் அளவுகள். குழிமாத்து நிலத்தின் அளவைப் பெருக்கிச் சொல்வது. பின்னத்தில் கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி, 320-இல் ஒரு பங்கான முந்திரி வரை போவார்கள். கடைத்தெருவும் களத்துமேடும் அப்படியே வாய்ப்பாடாகிப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இந்தச் சுவடிகளையே ஆராய்ந்து 2022-இல் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். மனப்பாடம் என்று நாம் ஏளனமாக ஒதுக்கும் பழக்கத்துக்கு அந்தக் கல்வியில் என்ன வேலை இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் அவருடைய எழுத்தைப் பார்க்கலாம்.

உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையில் திண்ணைப் பள்ளியைப் பற்றி எழுதும்போது ஒரு சின்ன வழக்கத்தைச் சொல்லுகிறார். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரோ மிருகத்தின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்ததும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தைதான். வழியெல்லாம் பையன் அதை முணுமுணுத்துக்கொண்டு போவான். விளையாட்டிலே மறந்து, சாப்பிடும்போது திடுக்கிட்டுத் தேடி, ராத்திரி படுக்கும்போது திரும்பவும் தேடிப் பிடிப்பான். அப்படித் தேடிப் பிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று இன்றைக்கு மனோதத்துவ விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்கள் அவர்களை மிஞ்சினார்கள். திரும்பப் படிப்பது தெரிந்த மாதிரி ஒரு மயக்கத்தைத் தருகிறது. மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியாதது எது என்று தெரிகிறது. நம் பிள்ளைகள் பரீட்சைக்கு முதல் நாள் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் படிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனை ஞாபகம் வரும்.

இந்தத் திண்ணை முறை கடல் கடந்து போன கதை நம்மில் பலருக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1753-இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் 1789-இல் தொடங்கிய ஆண் அனாதைகள் பள்ளியின் மேற்பார்வை அவரிடம் வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள்தான் அங்கே மாணவர்கள். ஆசிரியர்கள் சோம்பலானவர்கள், பிள்ளைகள் எழுத்தே கற்கவில்லை. ஒருநாள் பெல் ஒரு 'மலபார்' பள்ளியைக் கடந்து போகிறார். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழையும் மலபார் என்றுதான் சொல்வார்கள், வாசகர்கள் குழம்ப வேண்டாம். அங்கே குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்க்கிறார். உடனே தம் பள்ளிக்கு வந்து அப்படியே செய்யச் சொல்கிறார். ஆசிரியர்கள், நடக்காத காரியம் என்று கையை விரித்துவிட்டார்கள். பெல் அவர்களை விட்டுவிட்டு எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்பது அவன் பெயர். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். அதன் பிறகு பள்ளி முழுவதும் மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி பெல் மாற்றி அமைத்தார்.

1796-இல் பெல் ஊர் திரும்பி, மறு ஆண்டு லண்டனில் இதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இன்னொருவரும் இதே போன்ற ஒரு முறையை நடத்தினார். யார் முதலில் என்று இருவருடைய கட்சிக்காரர்களும் பெரிய சண்டை போட்டுக்கொண்டார்கள். சண்டை ஒருபுறம் இருக்க, முறை இங்கிலாந்து, பிரான்சு, தென் அமெரிக்கா என்று பரவியது. பெல் 1832-இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச் சென்ற பணத்தில் 1833-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளி திறந்தார்கள். அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ். இன்றும் நடக்கிறது. நம் ஊரின் பெயரை நாமே சென்னை என்று மாற்றிக்கொண்டோம், ஸ்காட்லாந்துக்காரர்கள் மாற்றவில்லை.

இங்கே ஒரு நியாயம் பேச வேண்டும். மணலில் எழுதுவதைத் தமிழ்ப் பள்ளியில் பார்த்தேன் என்று பெல் ஒப்புக்கொள்கிறார். மாணவனைக் கொண்டு மாணவனுக்குப் படிப்பிப்பது மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்கிறார். ஆனால் பெல்லாரி கலெக்டர் ஏ.டி.கேம்பெல் 1823-இல் அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில், முதிர்ந்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக்கொடுத்துத் தம் அறிவையும் உறுதி செய்துகொள்ளும் நாட்டுப் பள்ளி வழக்கத்தைப் பாராட்டிவிட்டு, இங்கிலாந்து அதைப் பார்த்துச் செய்தது தகும் என்கிறார். மணலைப் பார்த்த கண் சட்டாம்பிள்ளையைப் பார்க்காமலா இருந்திருக்கும்? பெல் வேண்டுமென்றே மறைத்தார் என்று சொல்ல என்னிடம் சான்று கிடையாது. ஆனால் எனக்குக் கேம்பெல் சொல்வதுதான் நம்பும்படியாக இருக்கிறது.

ஆனால் இங்கிலாந்துக்குப் போனது முழு முறை அல்ல. இக்கேரியில் நாலு பையன்கள். லங்காஸ்டர் பள்ளியில் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள், வரிசை வரிசையாக, உத்தரவுக்கு எழுந்து உத்தரவுக்கு உட்கார்ந்தார்கள். தொழிற்சாலைகள் முளைத்துவந்த நாடு, ஏழைப் பிள்ளைகள் ஏராளம், ஒரே ஆசிரியர் சம்பளத்தில் காரியம் முடிந்தால் போதும் என்ற நினைப்பு. சட்டாம்பிள்ளை அங்கே மேஸ்திரி ஆகிவிட்டான். இருபது, முப்பது ஆண்டுகளிலேயே குறைகள் தெரிந்து, 1846-க்குப் பிறகு அரசாங்கம் வேறு ஏற்பாட்டுக்குப் போய்விட்டது. செலவைக் குறைக்கும் வசதியை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும் நெருக்கத்தை விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

திண்ணைப் பள்ளியைப் பாராட்டும்போது நம்மவர்களுக்குக் கண் கலங்கிவிடும். அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே கேம்பெல் அதே அறிக்கையில், பிள்ளைகள் பொருள் தெரியாத பழஞ்செய்யுள்களைக் கிளி மாதிரி ஒப்பிக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். அது பொய்யில்லை. அடி உதையும் இருந்தது, கோதண்டத்தில் தொங்கவிடுவது உட்பட. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் தொகுத்துச் சொன்ன எண்ணிக்கை 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தர்மபால் 1983-இல் வெளியிட்ட 'அழகிய மரம்' என்று பொருள்படும் ஆங்கில நூலில் இந்த ஆவணங்களைத் தொகுத்திருக்கிறார். தமிழ்ப் பகுதிகளில் பிராமணரல்லாத சாதிப் பிள்ளைகளே மாணவர்களில் பெரும்பான்மை என்று அதிலிருந்து தெரியவந்தபோது பலருக்கு வியப்பு. இங்கிலீஷ் துணி வந்து நெசவாளர் வயிற்றில் அடித்து, ஊர்கள் வறண்டு, பள்ளிகள் மூடப்படுவதைக் கேம்பெல்லே குறிப்பிடுகிறார். அது ஒரு பக்கம். அதே கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சிலர்தான். ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் ஏற இடமே இல்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் தாத்தா வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் திண்ணைப் பள்ளியில் படித்தவர். 1890-களில். அவருடைய தங்கையை நாங்கள் அத்தைப் பாட்டி என்போம். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டே அத்தைப் பாட்டிக்கு எண்சுவடி முழுவதும் வாயில் வந்துவிட்டது. நெல் அளக்கும்போது ஆட்கள் அவரைத்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு எண்ணைக்கூட எழுதத் தெரியாது. எழுத அவருக்கு யாரும் மணல் தூவவில்லை. கடைசிவரை தபால்காரரிடம் கைநாட்டுத்தான். அந்தக் கட்டைவிரல் மையை நான் பார்த்திருக்கிறேன்.

தாத்தாவுக்குச் சின்ன மளிகைக் கடை. துண்டுச் சீட்டே கிடையாது. "முக்காலே மூணு வீசம்" என்பது நமக்கு இன்று வெறும் பேச்சு வழக்கு. அவருக்கு அது பதினாறில் பதினைந்து பங்கு, அதன் விலை என்ன என்று வாய் தானாகச் சொல்லும். அப்படிப்பட்டவருக்கு 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ஒரு சோதனை வந்தது. அன்றுதான் நயா பைசா அமலுக்கு வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு காசு என்று அறுபது வருஷமாக நாக்கில் ஓடிய கணக்கு ஒரே நாளில் பழங்கணக்கு ஆகிவிட்டது. தாத்தாவுக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. எனக்கு எட்டு.

ரூபாய்க்கு நூறு பைசா என்றால் ஓரணாவுக்கு ஆறேகால். காலை எப்படிக் கொடுப்பது? அதனால் அரசாங்கம் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று ஒரு பட்டியல் போட்டிருந்தது. பின்னத்திலேயே வளர்ந்த தாத்தாவுக்கு இது தாங்கவில்லை. "ரெண்டணாவுக்குப் பன்னெண்டரை வரணும். பன்னெண்டுங்கறான். அந்த அரைப் பைசாவை யாருடா தின்னது? மூணணாவுக்குப் பதினெட்டேமுக்கால் வரணும், பத்தொம்பதுங்கறான். தின்னதைத் திருப்பிக் குடுக்கறானா?" ரெண்டு நாள் கடையில் இதே புலம்பல். வாங்க வந்தவர்களும் புலம்பினார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஒவ்வொரு மாற்றலிலும் அரைப் பைசாவைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது.

மூன்றாம் நாள் மாலை தாத்தா என்னைக் கூப்பிட்டார். பேப்பரில் வந்த பட்டியலை என் கையில் கொடுத்து, "நீ வாத்தியார். நான் பையன். கேளு" என்றார். நான் சிரித்தேன். "சிரிக்காதேடா, கேளு." திண்ணையில் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டார். ராகம் போட்டு ஆரம்பித்தார்: ஓரணா ஆறு, ரெண்டணா பன்னெண்டு, மூணணா பத்தொம்பது, நாலணா இருபத்தஞ்சு, அஞ்சணா முப்பத்தொண்ணு. ஆறணா முப்பத்தேழரை என்பார். "தப்பு தாத்தா, முப்பத்தேழு" என்பேன். தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு மறுபடி ஓரணாவிலிருந்து வருவார். வரிசையாகச் சொல்ல வந்த பிறகு, குறுக்கே கேட்கச் சொன்னார். ஒன்பதணா எவ்வளவு, பதிமூணணா எவ்வளவு. இரவில் சாப்பிடும்போது கேட்கச் சொன்னார். காலையில் பல் விளக்கும்போது கேட்கச் சொன்னார். பத்து நாளில் கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஊர் ஜனங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தபோது அவர் புலம்பவில்லை. "பேப்பர்ல பட்டியல் வந்துதாடா?" என்றுதான் கேட்டார்.

திண்ணையில் அவர் படித்த கணக்கெல்லாம் செல்லாக்காசாகிவிட்டது. படித்த விதம் மட்டும் அறுபது வருஷம் கழித்தும் செல்லுபடியானது. ராகம், வரிசை, குறுக்குக் கேள்வி, இடைவெளி விட்டு மறுபடி கேட்பது, பிறகு இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது. எல்லாவற்றுக்கும் முன்னால், எட்டு வயதுப் பேரன் முன் பையனாக உட்காரும் மனசு. அந்தக் கடைசி விஷயத்தைத் திண்ணைப் பள்ளி அவருக்குக் கற்றுக்கொடுத்ததா, அவர் சுபாவமா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதே பள்ளியில் படித்த பக்கத்துக் கடைக்காரர் அப்படி உட்காரவில்லை.

உ.வே.சா. அவர்களை இங்கே மறுபடி அழைக்க வேண்டியிருக்கிறது. அவரும் திண்ணையில் ஆரம்பித்தவர். 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அவருக்கு மனப்பாடமான நூல்களுக்குக் கணக்கில்லை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது 25. அந்த அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் பட்டியல் சொல்ல, முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. தமிழ் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் ஒருவர், கோர்ட்டு உத்தியோகஸ்தர் ஒருவர் முன் 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏதாவது சமாளித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், நாம் அலுவலகத்தில் எத்தனை முறை செய்திருக்கிறோம்! அவர் முதலியாரிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு போனார்.

படித்தால் புரியவில்லை. அது ஜைன காவியம், இவர் சைவச் சூழலில் வளர்ந்தவர். மனப்பாடம் செய்த ஆயிரக்கணக்கான பாட்டுகளும் அங்கே கைகொடுக்கவில்லை. இந்த இடத்தில்தான் திண்ணைப் பள்ளியின் எல்லை தெரிகிறது. தெரிந்ததைக் காப்பாற்ற அது கற்றுத்தந்தது. தெரியாததை எங்கே போய்த் தேடுவது என்று கற்றுத்தரவில்லை. அவர் தாமே வழி கண்டுபிடித்தார். கும்பகோணத்தில் இருந்த ஜைனர்களிடம் போய் மாணவராக உட்கார்ந்து அவர்கள் சமயத்தைக் கேட்டுக்கொண்டார். நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாதபோது ஏடுகளைத் தேடிப் போனார், அப்படித் தேடியதில் சங்க நூல்களே கைக்கு வந்தன. அந்த மேற்கோள்களை அடையாளம் காணப் பழைய மனப்பாடப் பயிற்சி அப்போது உதவியிருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். சிந்தாமணி 1887-இல் அச்சாயிற்று. மணிமேகலைக்காகப் பௌத்தம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தபோது, தம் கல்லூரியிலேயே வேலை பார்த்த மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கற்றார். அது 1898-இல் வந்தது. எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், 1940-இல், ஆனந்த விகடனில் தம் வாழ்க்கையைத் தொடராக எழுத உட்கார்ந்தார். 1880-இல் 'இல்லை' என்று சொல்ல நேர்ந்ததையும் மறைக்காமல் எழுதினார்.

என் சொந்தக் கதை இவ்வளவு பெரிதல்ல. நாக்பூருக்கு வந்தபோது எனக்கு இந்தி எழுத்து ஒன்றும் தெரியாது. குடியிருந்த வீட்டுக்காரரின் மகன் மூன்றாம் வகுப்பு. அவன்தான் ராத்திரியில் பலகையில் எழுதிக் காட்டுவான். நமக்கு ஒரே ககரம், அவர்களுக்கு நாலு. நான் எதைச் சொன்னாலும் அவனுக்கு முதல் ககரமாகவே கேட்கும், விழுந்து விழுந்து சிரிப்பான். என் வாய்க்கு முன்னால் அவன் உள்ளங்கையை நீட்டி, காத்து வரணும் என்பான். ஆறு மாதத்தில் அலுவலகக் கோப்பு வாசித்தேன். அந்த ஆண்டு அவன் வகுப்பிலேயே முதலாவதாக வந்தான் என்று வீட்டுக்கார அம்மாள் எனக்கு ஒரு டப்பா லட்டு கொடுத்தார். நான் என்ன செய்தேன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஆக, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். கோளாறு பெரும்பாலும் என்னிடம்தான் இருந்தது. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், பிள்ளைகளைச் சொல்ல விடவில்லை. 2012-இல் வகுப்பை மாற்றினேன். முதல் கால் மணி நேரம் புத்தகம், நோட்டு எதையும் திறக்கக் கூடாது. போன வாரம் என்ன படித்தோம் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்க வேண்டும். தவறு வந்தால் பக்கத்திலிருப்பவன் திருத்த வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது. (இதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.) வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு தமிழ்ப் பூவின் பெயர். பெரிய தட்டில் மணலும் வைத்தேன், அதில் எழுதுவதற்குச் சின்னவர்கள் அடித்துக்கொண்டார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் தாத்தா பாட்டியிடம் மாணவராக இருக்கக் கூடாது, வாத்தியாராக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். தாத்தாவுக்கு இந்தியோ மராத்தியோ பத்து வார்த்தை தமிழில் எழுதிச் சொல்லிக்கொடுத்துவிட்டு வா என்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். "பசங்களே சொல்லிக்குடுத்தா அப்புறம் நீங்க எதுக்கு?" என்று கேட்டு இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. ஒரு பையனுக்கு எப்படிச் செய்தும் றகரமும் ரகரமும் பிடிபடவில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் கோச்சிங் என்று ஒரேயடியாகக் காணாமல் போகிறவர்களை எந்த முறையாலும் தடுக்க முடியவில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய அவசியம் குறைந்தது. மறந்தவன் தலை குனிவதும் குறைந்தது. இதைக் கேட்ட அந்தத் தாயார், "அப்போ என் பையன்கிட்ட கோளாறு இல்லன்னு எழுதிக் குடுங்க சார்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் வாரத்தில் இன்னொன்று நடந்தது. எங்கள் தெருக் காய்கறிக்காரர் சில்லறை இல்லை என்று கையை விரிக்கிறார். வண்டியில் ஒரு கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது, எல்லோரும் போனைக் காட்டிப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் மட்டும் நூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு வயது 76. மூன்று மாதமாக மகன் நாலு தடவை சொல்லிக் காட்டினான், வேகமாக. ஒவ்வொரு தடவையும் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் காய்கறி வண்டி முன்னால் மறந்தது.

போன புதன்கிழமை பேத்தியைக் கூப்பிட்டேன். அவளுக்கு எட்டு வயது. போனை அவள் கையில் கொடுத்து, "நீ டீச்சர். கேளு" என்றேன். சிரித்தாள். பிறகு போனைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பாக்காம சொல்லு தாத்தா. மொதல்ல எதை அமுக்கணும்?" என்றாள். சொன்னேன். "அப்புறம்?" சொன்னேன். "அப்புறம்?" நான் மூன்றாவதை விட்டுவிட்டு நாலாவதைச் சொன்னேன். "தப்பு" என்றாள்.

காதைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.